கணவாய்க் குடல் தின்ற புழு: தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப் போகுமா?

புழுப்பண்ணை (கருங்கல்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் பிஎஸ்எஃப் புழு, அதாவது கறுப்புப் படைவீரர் ஈயின் புழு வளர்க்கிறேன். எட்டுத் தொட்டி, ஒரு வலைக்கூண்டு, அவ்வளவுதான் பண்ணை. தீனி, சந்தையில் தள்ளுகிற காய்கறியும் மீன் கழிவும். நாட்டுக்கோழி வைத்திருக்கிற நாலைந்து பேரும், குளத்தில் விரால் விட்டிருக்கிற ஒருவரும் வாங்குகிறார்கள்.

விஷயம் இதுதான். ஜூலை கடைசியில் தடைக்காலம் முடிந்து குளச்சல் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும், கணவாய் வெட்டுகிற ஒரு இடத்தில் குடலும் ஈரலும் மையுமாக டிரம் டிரம்மாகக் கிடைத்தது. காசு இல்லை, தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. புழுவும் அள்ளி அள்ளித் தின்றது. இரண்டு தலைமுறை பிரமாதம். மூன்றாவதில் கொஞ்சம் மந்தம். இப்போது நாலாவது. கூட்டுப்புழு கண்ணுக்குத் தெரியும்படி சிறுத்துவிட்டது, கூண்டில் வைக்கிற பலகை இடுக்கில் முட்டை பாதிக்குப் பாதி.

இதற்கு நடுவில் கோழிக்காரர் ஒருவர் ஏதோ காணொளி பார்த்துவிட்டு வந்து, ‘இந்தப் புழுவில் கனஉலோகம் சேருமாமே’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி இரண்டு. புழு சிறுத்தது உலோகத்தாலா? கணவாயை நிறுத்திவிட்டாலும் இந்தக் கோளாறு அடுத்தடுத்த தலைமுறைக்குப் போய்க்கொண்டே இருக்குமா?

தேனடை (மார்த்தாண்டம்)

தம்பி, பதில் தெரிந்தவர்கள் வருவார்கள். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

1991, 92-ல் எங்கள் பக்கம் தேனீப் பெட்டியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியானது. அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது, மிஞ்சியது நாலு. ரப்பர் தோட்டத்தில் அடிக்கிற மருந்து என்றார் ஒருவர். வாழைக்குப் போடுகிற குருணை என்றார் இன்னொருவர். அண்டை வீட்டுக்காரரோடு சண்டை போட்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. கடைசியில் அது தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் ஆக்கும். புழு அடைக்குள்ளேயே தண்ணீர்ப்பை மாதிரி ஆகிச் செத்தது.

அதனால் சொல்கிறேன், சந்தேகத்தை எழுதி வை, தீர்ப்பை எழுதிவிடாதே.

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் சந்தேகம் அடிப்படை இல்லாதது அல்ல. கணவாய், ஊசிக்கணவாய், ஆக்டோபஸ் இவற்றின் ஈரல் காட்மியம் என்கிற கனஉலோகத்தைச் சேர்த்து வைப்பதற்குப் பேர்போனது. சதையில் கொஞ்சம்தான் இருக்கும், ஈரலில் பல மடங்கு. தொழிற்சாலையே இல்லாத ஆழ்கடலில் பிடித்தாலும் அப்படித்தான். நம் கடல் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்த உயிரினத்தின் உடம்பு அப்படி. காய்கறிக் கழிவில் இருந்து கணவாய் ஈரலுக்கு மாறியபோது, தெரியாமலே காட்மியத்துக்கு மாறிவிட்டீர்கள்.

இனி, பூச்சி உடம்பில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். காட்மியத்துக்கு என்று உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் அது கால்சியம் மாதிரியும் துத்தநாகம் மாதிரியும் வேஷம் போடும். கால்சியம் நுழைகிற வாசலில் நுழைந்து, துத்தநாகம் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்த நொதி வேலை செய்யாது. இதைச் சமாளிக்கப் பூச்சி மெட்டலோதயோனின் என்கிற சின்னப் புரதத்தைச் செய்கிறது. கந்தகம் நிறைந்த புரதம். காட்மியத்தைக் கட்டிப்பிடித்து நடுக்குடல் செல்களிலேயே வைத்துக்கொள்ளும். அந்தப் புரதத்தைச் செய்யச் செலவு உண்டு. சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு பங்கு வளர்ச்சிக்குப் போகாமல் காவலுக்குப் போகிறது. பல பூச்சிகளில் வளர்ச்சி தாமதம், எடை குறைவு, முட்டை குறைவு என்று பார்ப்பதெல்லாம் இந்தக் கணக்குதான்.

ஆனால் உங்கள் ஈ இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு ஜாதி. 2015-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதே ஈயின் புழுவுக்குக் காட்மியம், ஈயம், துத்தநாகம் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். காட்மியம் தீனியில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஏறக்குறைய மூன்று மடங்கு வரை புழுவில் சேர்ந்தது. ஈயம் தீனியில் இருந்த அளவுக்கும் கீழேதான். துத்தநாகத்தைப் புழு தானே ஒழுங்குபடுத்திக்கொண்டது. இதில் முக்கியமானது, இவ்வளவு சேர்ந்தும் புழு வளர்கிற காலத்திலோ மற்றதிலோ குறிப்பிடும்படியான கெடுதல் எதையும் அவர்கள் காணவில்லை.

புரிகிறதா? புழு கொழுகொழுவென்று இருந்தால் உலோகம் இல்லை என்று ஆகாது. அதேபோல் புழு சிறுத்ததற்கு உலோகம்தான் காரணம் என்றும் ஆகாது.

சந்தேகப் பிராணி

வாத்தியார் சொன்னதில் கடைசி வரியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

புழுப்பண்ணைக்கு நாலு கேள்வி. முதல் முட்டை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு? அதற்குப் பிறகு வெளியில் இருந்து முட்டை சேர்த்தீர்களா? கூண்டுக்கு எதை விடுகிறீர்கள், எதை விற்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் கூண்டு எங்கே இருந்தது?

புழுப்பண்ணை (கருங்கல்)

முட்டை ஒருவரிடம்தான், 5 கிராம். அதற்குப் பிறகு வெளியில் வாங்கவே இல்லை. கூண்டு கொட்டகைக்குள்தான், மழை என்பதால் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தேன்.

விற்பது பெரிதாக இருக்கிறதைத்தான். பெரிய புழுவுக்குத்தானே விலை. மிச்சம் நிற்கிறதைக் கூண்டுக்கு விடுவேன்.

சந்தேகப் பிராணி

மக்கா! கொழுத்த காளையை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, நோஞ்சான் காளையைப் பசுவோடு கட்டிவிட்டு, கன்று ஏன் சிறுத்தது என்று கேட்கிறீர்கள்.

45 நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் இரண்டு வருடத்தில் பதினாறு தலைமுறை. பதினாறு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம், அதிலும் சின்னதுக்கும் சின்னதுக்கும். தென்னாப்பிரிக்காவில் இதே ஈயைப் பிடித்து அடைத்து வளர்த்ததில், மரபு வேறுபாடு சில தலைமுறையிலேயே குறைந்து கூட்டமே சரிந்தது என்று 2020-ல் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் இந்த ஈ நல்ல வெயில் இல்லாமல் சேராது. இரண்டு மாதம் தார்ப்பாய்க்குக் கீழே வைத்தால் முட்டை எப்படி இருக்கும்?

உலோகம், உலோகம் என்று ஓடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

வண்ணமீன் (வடசேரி)

நான் அலங்கார மீன் வளர்க்கிறேன். குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒன்று.

மீனுக்கு ரத்தப்புழு வேண்டும். நகரத்துக்குள் ஓடுகிற ஒரு சாக்கடை ஓடையில் சேற்றை அரித்தால் கைநிறையக் கிடைக்கும். வழியில் வெல்டிங் பட்டறை, பேட்டரிக் கடை எல்லாம் உண்டு. அந்த ஓடையில் அது செழித்து வளர்கிறது. அதையே எடுத்து வந்து சுத்தமான தண்ணீரில் தொட்டி போட்டு வளர்க்கப் பார்த்தேன். மூன்று தடவையும் செத்துப்போனது. அழுக்கில் வாழ்கிறது சுத்தத்தில் சாகிறது, இது என்ன நியாயம்?

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

ஆஹா, வண்ணமீன் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார்.

முதலில் சாதாரண காரணம். ரத்தப்புழுவுக்குச் சேறு வேண்டும், சேற்றில் மக்கிய தின்பண்டம் வேண்டும். வெறும் தண்ணீரில் பட்டினிதான். அது கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவப்பு, அதனால்தான் மூச்சுமுட்டுகிற சேற்றிலும் பிழைக்கிறது. உங்கள் தொட்டியில் செத்ததற்கு உலோகக் கதை தேவையே இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது நிஜமாகவே நடந்த இடம் ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் இருந்து நெதர்லாந்துக்குள் ஓடுகிற டொம்மல் என்கிற ஆறு. துத்தநாகம் உருக்கும் ஆலைகளால் அதன் சேற்றில் காட்மியமும் துத்தநாகமும் படிந்துவிட்டது. 1990-களில் அங்கிருந்த ரத்தப்புழுக்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். காட்மியம் உள்ள நீரில் அவை மற்ற ஊர்ப் புழுவைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். காட்மியமே இல்லாத நல்ல நீரில் விட்டபோது என்ன ஆனது? வளர்ச்சி மந்தம், சாவு கூடுதல். 1995-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: துத்தநாகப் பற்றாக்குறை. காட்மியத்தை வெளியே தள்ளப் பழகிய உடம்பு, கூடவே துத்தநாகத்தையும் தள்ளிவிடுகிறது. சேறு முழுக்கத் துத்தநாகம் இருக்கிற ஆற்றில் அது நஷ்டமாகத் தெரியவில்லை. சுத்த நீருக்கு வந்ததும் தெரிந்துவிட்டது.

இந்த ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுக்காரன்கூடத் தலையைத் தூக்குவான். தலைமுறை தலைமுறையாகப் பழகிக்கொள்வது என்பது இனாம் கிடையாது, எங்கேயோ ஒரு கடன் ஏறுகிறது.

ரப்பர் பால் (குலசேகரம்)

துத்தநாகம் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் ரப்பர் கன்றின் கவையில் பிங்க் நோய்க்குப் பூசுகிற துத்தமும் இதுதானா?

சந்தேகப் பிராணி

இல்லை அண்ணாச்சி. துத்தம், மயில்துத்தம் என்பது செம்பு. காப்பர் சல்ஃபேட். துத்தநாகம் என்பது ஜிங்க். பெயர் வைத்தவர் நம்மைக் குழப்பவே வைத்திருக்கிறார்.

ரப்பர் பால் (குலசேகரம்)

செம்பா? அப்படியானால் எனக்குத் தெரியும். செம்பு ரப்பருக்குச் சத்துரு. துத்தமும் சுண்ணாம்பும் குழைக்கிற போர்டோ பசை வாளியை அப்பா பால் புரைப் பக்கமே கொண்டுவர விடமாட்டார். பாலில் செம்பு பட்டால் ஷீட் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும். பாக்குக்கும் மிளகுக்கும் சுண்ணாம்பும் துத்தமும் கரைத்து அடிக்கிறோம். கேரளத்தில் ரப்பருக்கே மழைக்கு முன்னால் செம்பு மருந்து அடிப்பார்கள், இலையுதிர்வு நோய் அங்கே நம்மைவிட அதிகம். இத்தனை வருடம் அடித்தது மண்ணில்தானே கிடக்கும்? அங்கே இருக்கிற பூச்சிக்கு என்ன ஆகும்?

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

கிடக்கும். பூச்சிக்கொல்லி மக்கிப்போகும், உலோகம் மக்காது. அது ஒரு தனிமம், அதைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. மண்ணில் கட்டிக்கொள்ளும், அல்லது நகரும், அவ்வளவுதான்.

போர்டோ கலவை 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. அங்கே நூறு வருடத்துக்கு மேல் அடித்த மண்ணில் செம்பு ஏறி, மண்புழுவுக்குத் தொல்லையாகிவிட்டது. பூச்சி விஷயத்தில் ஒரு ருசிகரமான கண்டுபிடிப்பு உண்டு. பழத்தில் மொய்க்கிற சின்னப் பழ ஈ இருக்கிறதே, அதில் நான் முன்னால் சொன்ன மெட்டலோதயோனின் புரதத்துக்கான மரபணு சாதாரணமாக ஒரு பிரதிதான். இயற்கையில் பிடித்த ஈக்கள் சிலவற்றில் அதே மரபணு இரண்டு பிரதியாக இருந்ததை 1987-ல் பார்த்தார்கள். இரண்டு பிரதி உள்ளது செம்பையும் காட்மியத்தையும் கூடுதலாகத் தாங்கியது. செம்பு மருந்து அடிக்கிற தோட்டங்கள் அப்படிப்பட்ட ஈயைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

செம்பு காட்மியம் மாதிரி முழு வில்லன் அல்ல. பூச்சிக்கும் நமக்கும் துளியூண்டு செம்பு இல்லாமல் முடியாது. அளவு மீறினால்தான் விஷம்.

சந்தேகப் பிராணி

சார், உங்களிடம் ஒரு வம்பு. ‘தலைமுறை தாண்டிய பாதிப்பு’ என்று எல்லோரும் ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். இப்போது இணையத்தில் எபிஜெனெடிக்ஸ் என்று சொன்னால் போதும், எதையும் நம்பிவிடுகிறார்கள்.

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

வம்பு இல்லை, வேண்டிய கேள்விதான்.

தாய் தின்ற விஷத்தால் தாய் இளைக்கிறாள், முட்டைக்குக் கொடுக்கிற சத்து குறைகிறது, பிள்ளை பலவீனமாகப் பொரிக்கிறது. இது சீதனம் குறைந்த கதை. நல்ல தீனி கிடைத்தால் ஓரிரு தலைமுறையில் சரியாகிவிடும். மரபணுவில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை.

மரபணு மாறாமல், எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்கிற குறிப்பு மட்டும் மாறுவது இன்னொன்று. நீங்கள் சொன்ன எபிஜெனெடிக்ஸ். இதை நிரூபிப்பது லேசு இல்லை. பெண் புழு விஷம் தின்னும்போதே அவள் வயிற்றில் முட்டையாகப் போகிற செல்லும் இருக்கிறது, அதுவும் சேர்ந்து விஷம் தின்றதாகத்தான் கணக்கு. ஆகவே மகளிடம் பாதிப்பு தெரிந்தால் அது பரம்பரை ஆகாது, அவளும் நேரடியாகப் பட்டவள். பேத்தியிடமும் தெரிய வேண்டும். இதில் பூச்சிக்குப் பூச்சி வேறுபாடு வேறு. தேனீயில் டிஎன்ஏ மெத்திலேற்றம் என்கிற குறிப்புமுறை உண்டு, பழ ஈயில் அது இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் ஒட்டக்கூடாது.

மூன்றாவதுதான் டொம்மல் கதையும் பழ ஈக் கதையும். தாங்காதது செத்தது, தாங்கியது பெருகியது. சுத்தமான தேர்வு. இது மட்டும்தான் நின்று நிலைப்பது.

போலந்தில் கட்டோவிச்சே நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்போடாப்டிரா எக்ஸிகுவா புழுவை, அதாவது நம் ஆமணக்கு இலையைச் சல்லடையாக்குகிற புரோடீனியாவின் ஒன்றுவிட்ட தம்பியை, காட்மியம் கலந்த உணவிலேயே நூறு தலைமுறைக்கு மேல் வளர்த்திருக்கிறார்கள். கூட்டம் அழியவில்லை. காட்மியத்தோடேயே குடித்தனம் நடத்துகிறது. நூறு தலைமுறை! நம் கணக்கில் அது சங்க காலத்துக்கும் முந்தி.

தேனடை (மார்த்தாண்டம்)

தேனீ என்றதால் கேட்கிறேன் சார். எங்கள் பெட்டியெல்லாம் ரப்பர் தோட்டத்தில்தான். தை, மாசியில் ரப்பர் தளிர் விடும்போது இலைக்காம்பு முனையில் ஊறுகிற தேன்தான் எங்களுக்கு வருட வருமானம். துத்தம் பூசுகிற மரத்துத் தேனில் செம்பு வருமா?

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

பசை பூசுவது கவையில், தேன் ஊறுவது புதுத் தளிரில், அதுவும் மழைக்காலம் முடிந்து இலை உதிர்ந்து துளிர்த்த பிறகு. காலமும் இடமும் வேறு. தவிர, உலோகம் தேனீயின் உடம்பிலும் மகரந்தத்திலும் இருக்கிற அளவுக்குத் தேனில் இருப்பதில்லை. தேனீ ஒரு நல்ல வடிகட்டி.

வடிகட்டி என்றாலும் முழுசாக மறைக்காது. 2019-ல் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்ததே, அதன் கூரை ஈயத்தகடு. அந்தக் கோடையில் எடுத்த தேனைச் சோதித்தபோது, புகை போன திசையில் இருந்த கூடுகளின் தேனில் ஈயம் கூடுதலாக இருந்தது. ஊரில் என்ன விழுந்தது என்று தேனைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தேனீயில் தலைமுறை என்பது ராணியைப் பொறுத்தது. வெளியே போய் உலோகத்தில் படுவது வேலைக்காரி, முட்டை இடுவது உள்ளே இருக்கிற ராணி. அவள் தின்பது செவிலித் தேனீ ஊட்டுகிற பால். ஆகவே ஈயில் நடக்கிற வேகத்தில் இங்கே தேர்வு நடக்காது.

சோதனைக்குழாய்

நான் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் புழுவின் நலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கோழியின் நலம்? அதைத் தின்கிறவர் நலம்?

புழுப்பண்ணைத் தம்பி, உலோகம் உங்கள் புழுவைக் கொல்லவில்லை என்பதுதான் இதில் கெட்ட செய்தி. செத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்கில் இருந்து வருகிற தீவனப் பொருளில் காட்மியம் கிலோவுக்கு 2 மி.கி. தாண்டக்கூடாது. கோழிக்கான முழுத் தீவனத்தில் 0.5 மி.கி. தான். மனிதர் தின்கிற கணவாய்க்கு அங்கே வரம்பு 1 மி.கி., அதுவும் ‘உள்ளுறுப்பு நீக்கியது’ என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உள்ளுறுப்போடு சேர்த்தால் தேறாது என்று அவர்களுக்குத் தெரியும். நீக்கிய அந்த உள்ளுறுப்புதான் உங்கள் டிரம்மில் இருக்கிறது. அதைத் தின்று இரண்டு மூன்று மடங்கு சேர்க்கிற புழு.

கோழியில் அது போய் உட்காருவது முக்கியமாகச் சிறுநீரகத்திலும் ஈரலிலும். சதையிலும் முட்டையிலும் குறைவு. ஆனால் நம் ஊரில் கோழி ஈரலைக் குழந்தைக்குத்தானே முதலில் எடுத்து வைப்போம்.

சோதனைக்கு அனுப்புவதாக இருந்தால் புழுவை மட்டும் அனுப்பாதீர்கள். தீனி, புழு, புழு தின்று கழித்த எச்சம் மூன்றையும் தனித்தனியாக அனுப்புங்கள். புழுவை ஒரு நாள் பட்டினி போட்டு, கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில். குடலில் நிற்கிற தீனியும் சேர்ந்தால் கணக்கு கெடும். தகர டப்பா வேண்டாம். முடிவு உலர் எடைக்கா ஈர எடைக்கா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்கூட வரும். பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

புழுப்பண்ணை (கருங்கல்)

அக்கா, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. கணவாயை இன்றே நிறுத்துகிறேன். ஆனால் எது காரணம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சந்தேகப் பிராணி

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் ஒன்றும் தெரியாது. வேறு பண்ணையில் இருந்து புது முட்டை வாங்குங்கள். உங்கள் ஈயோடு கலந்து விடுங்கள். அதில் வருகிற முட்டையை இரண்டாகப் பிரித்து, ஒரு தொட்டிக்குக் காய்கறி, ஒரு தொட்டிக்குக் காய்கறியோடு கணவாய். பழைய முட்டையிலும் அதே மாதிரி இரண்டு. ஆக நாலு தொட்டி. கூண்டை வெயிலில் வையுங்கள். கணவாய்த் தொட்டிப் புழுவை யாருக்கும் விற்காதீர்கள். இரண்டு தலைமுறை பாருங்கள், ஒன்றில் தெரிந்தது தற்செயலாகவும் இருக்கும்.

அப்புறம், பெரியதில் பத்தில் ஒன்றையாவது கூண்டுக்கு ஒதுக்குங்கள், புண்ணியமாகப் போகும்.

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

நாலு தொட்டிக்கும் ஒரே எண்ணிக்கை முட்டை, ஒரே எடை தீனி. தொட்டி துத்தநாகம் பூசிய தகரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். புளித்த கழிவின் அமிலம் அந்தப் பூச்சைக் கரைக்கும், அப்புறம் புது உலோகம் ஒன்று கணக்கில் நுழையும்.

புழுப்பண்ணை (கருங்கல்)

மூன்றரை மாதம் கழித்து வருகிறேன். மறந்திருப்பீர்கள். இழையைத் தேடிப் பிடிப்பதே பாடாகிவிட்டது.

அருமனையில் ஒரு அண்ணனிடம் முட்டை வாங்கிக் கலந்தேன். சொன்ன மாதிரியே நாலு தொட்டி. இரண்டாவது தலைமுறை கூட்டுப்புழு நேற்றுதான் எடுத்தேன்.

பழைய முட்டை, காய்கறி: சின்னது. பழைய முட்டை, கணவாய்: அதுவும் அதே அளவு சின்னது. கலப்பு முட்டை, காய்கறி: பெரிது. கலப்பு முட்டை, கணவாய்: பெரிது. உண்மையைச் சொன்னால் நாலிலும் கொழுத்தது இந்தக் கடைசித் தொட்டிதான். கையில் எடுத்தால் வழுக்குகிறது.

சந்தேகப் பிராணி அண்ணன் ஜெயித்துவிட்டார். சிறுத்ததற்குச் சொந்தத்துக்குள் கலப்பும் என் வியாபார புத்தியும்தான் காரணம். கூண்டை வெயிலுக்கு மாற்றியதில் முட்டையும் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அக்கா சொன்னபடி மூன்று பொட்டலம் சோதனைக்கும் அனுப்பினேன். கணவாய்த் தொட்டிப் புழுவில் காட்மியம் நீங்கள் சொன்ன 2-ஐத் தாண்டிவிட்டது. தொட்டிகளிலேயே அழகான புழு அதுதான். காய்கறித் தொட்டியில் பிரச்சினை இல்லை.

போன வருடம் வாங்கிய நாலு கோழிக்காரர்களிடமும் நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் திட்டினார். காணொளி பார்த்த அந்த அண்ணன் மட்டும் தோளில் தட்டி, இனிமேல் என்னிடமே வாங்குவதாகச் சொன்னார்.

சோதனைக்குழாய்

போய்ச் சொன்னது பெரிய காரியம் தம்பி. அந்தத் தொட்டிப் புழுவை என்ன செய்தீர்கள்? எச்சம்?

புழுப்பண்ணை (கருங்கல்)

புழுவை வெந்நீரில் போட்டுக் கொன்று, உலர்த்திக் கட்டி வைத்திருக்கிறேன். எச்சம் ஆறு மூட்டை இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மரச்சீனியும் கீரையும், ஓரத்தில் நாலு மட்டி வாழையும் உண்டு. அம்மா ஒரு மூட்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஓய்வு வாத்தியார் (நாகர்கோவில்)

கீரைக்குக் கூடவே கூடாது. காட்மியம் இலையில் ஏறுகிற உலோகம், கீரை அதை உறிஞ்சுவதில் கெட்டி. கிழங்குக்கும் வேண்டாம். நம் செம்மண் அமிலத்தன்மை உள்ளது, அப்படிப்பட்ட மண்ணில் அது இன்னும் சுலபமாக வேருக்குப் போகும். சுண்ணாம்பு போட்டால் கொஞ்சம் கட்டுப்படும், போகாது.

ரப்பர் பால் (குலசேகரம்)

ரப்பருக்குப் போடலாமா? ரப்பரை யாரும் தின்பதில்லையே.

தேனடை (மார்த்தாண்டம்)

அண்ணாச்சி, அந்தத் தளிரில்தான் என் தேனீ உட்காருகிறது!

புழுப்பண்ணை (கருங்கல்)

சரி, ஆறு மூட்டையும் தார்ப்பாய் போட்டு மூடி, சிமெண்டுத் தரையில் ஏற்றி வைத்துவிட்டேன். மேலே மார்க்கரில் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குக் கோபம். வெட்டுகிற இடத்துக்காரர் இன்று காலையில் போன் போட்டு, டிரம் இரண்டு நிறைந்து கிடக்கிறது, ஏன் வரவில்லை என்று கேட்டார்.